டெல்டாவில் ஒரு சாவுப் போட்டி எழுதுவது எப்படி

இளசுகளைப் பிடித்துக்கொண்டு போய் ஒருவரை ஒருவர் கொல்லவிட்டு, மிஞ்சுகிறவருக்குப் பரிசு கொடுக்கிற கதை எழுத ஆசையா? சரி, முதலில் காட்டை மறந்துவிடுங்கள். வாசித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்த ஒரு கதையில், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெண் மலைக்குகையில் மூன்று நாள் ஒளிந்திருந்தாள். அங்கே ஏது மலை? ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் பனைமரமும் கோயில் கோபுரமும்தான்.

போட்டி எதற்காக நடக்கிறது என்பதை நம் மண்ணிலேயே தேடுங்கள். தண்ணீர் இருக்கிறதே. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறக்க வேண்டும். அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி. நிரம்பாத வருஷம் முறைப்பாசனம், அதாவது இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அப்புறம் அத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. உங்கள் கதையின் அரசாங்கம் இதை இன்னும் ஓரடி தள்ளினால் போதும்: எந்த ஊர்ப் பிள்ளை உயிரோடு திரும்புகிறதோ அந்த ஊருக்குத்தான் முறை. வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கிற தலைமடைக்காரர்களுக்கு எப்படியும் தண்ணீர் வந்துவிடும், அவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். பிள்ளையை அனுப்புவது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை.

ஆள் எடுக்கிற முறைக்குக் குடவோலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. சோழர் பெருமையை மீட்டுவிட்டோம் என்று மேடை போட்டுப் பேச ஆட்சிக்கு இதைவிட வசதி கிடையாது. பண்ணை வீட்டுப் பிள்ளையின் ஓலை குடத்துக்குள் விழவே விழாது, அதை எழுத மறந்துவிடாதீர்கள்.

அடுத்து மாதம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐப்பசி என்றால் அடைமழை, வரப்பில் ஓடினால் ஊருக்கே தெரியும், வயலில் இறங்கினால் முழங்கால் வரை சேறு. சித்திரை என்றால் வெடித்துக் கிடக்கும் வெறும் பொட்டல், ஒளிய இடமே இல்லை. எனக்குப் பிடித்தது தை மாதம். சம்பா விளைந்து சாய நிற்கும், படுத்துக்கொண்டால் ஆள் தெரியாது, ஆனால் அசைந்தால் கதிர் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது போட்டி நடத்துகிறவர்கள் அறுவடை இயந்திரத்தை நாலு பக்கமும் ஓரத்திலிருந்து இறக்கட்டும். அறுக்க அறுக்க எலியும் பாம்பும் நடுவில் மிச்சமிருக்கிற பயிருக்குள்தான் ஓடி வரும், அங்கே ஏற்கெனவே உங்கள் ஆள் படுத்திருக்கிறான்.

சாப்பாட்டுக்கு வரப்பு நண்டு, நத்தை, அப்புறம் எலி வளை. வளையைத் தோண்டினால் எலி சேர்த்துவைத்த நெல் கிடைக்கும், அதைத் தோண்டி எடுத்துக் கஞ்சி குடித்த குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த வீட்டுப் பெண் பட்டினி கிடக்க மாட்டாள், கான்வென்டில் படித்த பையன் கிடப்பான். நெருப்பு மூட்டினால் புகை மூன்று ஊருக்குத் தெரியும், ஆகவே பச்சையாகத்தான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் துரத்தினால் ஒளிய இடம் கிடைக்கும், சுற்றிலும் தண்ணீர் இருக்கும், வாயில் வைக்க முடியாத உப்பு.

ஆயுதக் கிடங்கெல்லாம் வேண்டாம். ஒரு மண்வெட்டி போதும், ராத்திரியில் மடையை வெட்டிவிட்டால் கீழே தூங்குகிறவன் எழுந்திருக்கும்போது ஓட வழி இருக்காது. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே இருபது பேரைக் கொன்று தீர்க்காதீர்கள், வாசிக்கிறவனுக்கு எண்ணிக்கைதான் மிஞ்சும். நாலு சாவு போதும், நாலு பேரின் அம்மாவையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி இரண்டு பேரை ஒரே வாய்க்காலில் மேலும் கீழுமாக இருக்கிற ஊர்க்காரர்களாக வையுங்கள். கீழூர் ஜெயித்தால் தண்ணீர் மேலூரைத் தாண்டித்தானே போக வேண்டும்? மேலூர் மதகை ஒருவர் இறக்கிப் பூட்ட வேண்டும். மதகைத் திறந்து மூடுகிற அந்த லஸ்கரும் மேலூர்க்காரர்தான், செத்துப்போன பையனைத் தோளில் தூக்கித் திரிந்தவர். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அந்தக் காட்சியை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள்.