காந்த வைத்தியத்துக்கு மலையிறங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்குத் தலையில் காந்தம் வைத்து ஒரு வைத்தியம் செய்கிறார்கள், டி.எம்.எஸ். என்று பெயர். என் அக்காவுக்கு ஆறு வாரம் செய்தோம். மெஷினை நினைத்துப் பயந்ததெல்லாம் வீண், வாரத்துக்கு ஐந்து நாள் அங்கே போய் நிற்பதுதான் பெரிய பாடு.

முதலில் உங்கள் வியாதி நிஜமாகவே பிடிவாதமானதுதானா என்று பாருங்கள். ரெண்டு வேறு வேறு மாத்திரைகளை, சரியான அளவில், ஆறு எட்டு வாரம் விடாமல் போட்டும் குணம் தெரியாவிட்டால்தான் டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள். இலங்கை மலையகத்தின் நம் தேயிலைத் தோட்டங்களில் நடப்பது வேறு. கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை, அதனால் ஒரு மாதம் தவறும், இருக்கிற மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போடுவோம், இடையில் கோடாங்கியிடம் ஒரு நடை. அக்காவின் கிளினிக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் ரெண்டு வருஷத்தில் ஐந்து மாதம் வெறும் பக்கம்! தைராய்டையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். ரத்தம் குறைந்த உடம்பும் ஆளை இதே மாதிரித்தான் படுக்கையில் போட்டுவிடும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இது ஆகாது. நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரைப் பார்த்து, எங்கே செய்யலாம், எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு செலவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு தாளில் இதுவரை போட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். சிங்களம் நன்றாகப் பேசுகிற ஒருவர் கூட இருக்கட்டும். அக்கா ஒரு இடத்தில் "நெஞ்சு அடைக்குது" என்று சொல்ல, மொழிபெயர்த்தவர் நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டார், அரை நாள் ஈசிஜி வரிசையில் நின்றோம்.

டாக்டரிடம் மறைக்கக்கூடாதது ரெண்டு. தலைக்குள்ளோ காதுக்குள்ளோ ஆபரேஷனில் வைத்த உலோகம், கிளிப், கேட்கும் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கிறதா என்பது ஒன்று. பல் அடைத்திருந்தால் பொதுவாகப் பரவாயில்லை. எப்போதாவது வலிப்பு வந்ததா என்பது மற்றது. இந்த வைத்தியத்தில் வலிப்பு வருவது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் தூக்கமில்லாமையும் சாராயமும் அந்த ஆபத்தைக் கூட்டும். அதனால் ராத்திரி பஸ்ஸில் ஹட்டனிலிருந்து விடிய விடிய முழித்துக்கொண்டு வந்து அப்படியே நாற்காலியில் உட்காராதீர்கள். பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் வெட்கப்படாமல் கேட்டுத் தங்குங்கள், தினமும் மலை ஏறி இறங்கி இதை முடிக்க முடியாது.

சரி, மெஷின். இது கரண்ட் வைக்கிற வைத்தியம் இல்லை. மயக்க மருந்து கிடையாது, முழித்தபடியே உட்கார்ந்திருக்கலாம். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காதில் அடைப்பான் வைத்து, எட்டு வடிவச் சுருள் ஒன்றைத் தலையில் அழுத்திப் பிடிப்பார்கள். முதல் நாள் அளவு பார்க்கும்போது ஒரு தட்டு தட்டியதும் அக்காவின் வலது கைப் பெருவிரல் தானாகவே துள்ளியது, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துள்ளலை வைத்துத்தான் அவரவர் மூளைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்புறம் இடது நெற்றிப் பக்கமாகச் சுருளை நகர்த்தி வைத்து, நாலு செக்கனுக்கு நாற்பது தட்டு, 26 செக்கன் ஓய்வு, மறுபடி நாற்பது. மரங்கொத்தி கொத்துகிற மாதிரி இருக்கும். இப்படி மொத்தம் 3000 தட்டு, 37 நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். மூன்று நிமிஷத்தில் முடிகிற முறையும் ஒன்று உண்டு, 2018ல் வந்த பெரிய ஆய்வில் அது பழைய முறைக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. தங்க இடமில்லாதவர்கள் அதைப் பற்றியும் கேளுங்கள், ஆனால் அதற்கும் வாரக்கணக்கில் போகத்தான் வேண்டும். முதல் வாரம் தலையிடிக்கலாம், பனடோல் போதும், அதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை, நான்தான் காசு போச்சு என்று புலம்பினேன். நாலாவது வாரம் ஒரு காலையில், "தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துட்டியா?" என்று கேட்டாள். எட்டு மாதமாக எதைக் கொடுத்தாலும் பேசாமல் குடித்தவள் அவள். எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் நல்ல குணம் தெரிகிறது.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காந்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மனநல உதவித் தொலைபேசி 1926க்கு எடுத்தால் எந்த நேரமும் பேசலாம். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் புல்லுக்கு அடிக்கிற மருந்தையும் பூட்டி வையுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். அடுத்த கிளினிக் திகதியைக் கங்காணியிடம் முந்தின வாரமே சொல்லி வையுங்கள், அன்று காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் போய்ச் சொன்னால் ஏச்சுத்தான் கிடைக்கும்.