அவரவர் ஊசி, அவரவர் கரண்டி, அவரவர் தண்ணீர்

ஊசி வழியாகப் போதைமருந்து ஏற்றும் பலர் அடுத்தவர் ஊசியைத் தொடமாட்டார்கள். ஆனால் ஒரே கரண்டியில் கரைத்ததை, ஒரே பஞ்சு வழியாக ஆளாளுக்கு உறிஞ்சுவார்கள். அதுவும் பகிர்வுதான். ஏற்கெனவே ரத்தம் பட்ட ஊசிமுனை கரைசலில் நனைந்தாலே போதும், கிருமி கரண்டிக்கும் பஞ்சுக்கும் போய்விடும். இந்த வழியில் எச்.ஐ.வி.யைவிட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் சுலபமாகத் தொற்றும். ஆய்வகச் சோதனையில் அது சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை வீரியம் இழக்காமல் இருந்திருக்கிறது.

எனவே புது ஊசி மட்டும் போதாது; கரண்டி, பஞ்சு, தண்ணீர், கையில் கட்டும் பட்டை எல்லாமே ஆளுக்கொன்று. கூட்டாக வாங்கியதைப் பொடியாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். ஒரு சிரிஞ்சில் அளந்து இன்னொன்றுக்குள் விடுவதுதான் பலருக்குத் தெரியாத ஆபத்து. கரைத்த பிறகே பங்கிட முடியும் என்றால், அளப்பது உறை பிரிக்காத புது சிரிஞ்சாக இருக்கட்டும். ஒரே அறையில் சிரிஞ்சுகள் மாறிப்போவது சகஜம். அழுத்தும் தண்டில் ஆளுக்கொரு நிற நெயில் பாலிஷ் வைத்தால் குழப்பம் வராது.

ஊசியைக் கழற்ற முடியாத 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில், முழுக்க அழுத்திய பிறகு மிஞ்சும் ரத்தம் மிகக் குறைவு. கழற்றி மாட்டும் வகையில் ஊசி பொருந்தும் இடத்தில் பல மடங்கு தங்கும்.

பழைய சிரிஞ்சைப் பிளீச்சால் கழுவுவது வேறு வழியே இல்லாதபோதுதான். ஹெபடைடிஸ் சி-க்கு அதை நம்ப முடியாது. முதலில் ரத்தம் துளியும் தெரியாத வரை குளிர்ந்த சுத்தமான தண்ணீரால் அலசுங்கள். வெந்நீரில் ரத்தம் உறைந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் கலக்காத திரவ பிளீச்சை முழுக்க நிரப்பிக் குலுக்கி, 2 நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். கடைசியில் வேறு புதுத் தண்ணீரில் அலசுங்கள். பஞ்சைக் கழுவிப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் இலவச ஊசியும், ஊசிக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையும் கிடைக்கும். கிடைக்குமிடத்தை 1097-இல் கேட்கலாம், கட்டணமில்லை. பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி எடுத்துப்போய் அங்கேயே கொடுங்கள்.

அடுத்தவர் ஊசி பட்டுவிட்டதா? உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடும், அரசுத் திட்டத்தில் அது இலவசம்.