ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப் போகிறீர்களா? கை கழுவுவதிலிருந்து ஆரம்பிப்போம்

ஏற்காட்டில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கி, நேராக வார்டுக்குள் போய் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். "கையைக் கழுவிட்டு வந்து அம்மாவைத் தொடுங்க" என்றார் சிஸ்டர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் கோபம் பழையதுதான். 1847இல் வியன்னாவில், பிணக்கூறாய்வு செய்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்த டாக்டர்களை செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது, ஆனாலும் சக டாக்டர்கள் பலர் அவர் மேல் எரிச்சல்தான் பட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் கையைக் காலி செய்யுங்கள். மோதிரம், வாட்ச், அப்புறம் கோயிலில் கட்டிய கயிறு. ஈரமான கயிறு நாள் முழுக்க அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அடுத்து சோப்பு. கையை நனைத்து, சோப்பு போட்டு, உள்ளங்கைகளைத் தேயுங்கள். ஒரு கையின் புறங்கையை மற்றதால் தேயுங்கள், கை மாற்றி இன்னொரு முறை. விரல்களைக் கோத்து இடுக்குகளைத் தேயுங்கள். விரல்களை மடக்கி அவற்றின் முதுகை எதிர் உள்ளங்கையில் உரசுங்கள். இதுவரை எல்லோரும் ஓரளவு செய்துவிடுவோம். விட்டுப்போவது கட்டை விரலும் விரல் நுனிகளும்தான். கட்டை விரலை மறு கையால் மூடிப் பிடித்துத் திருகுங்கள், நுனிகளை உள்ளங்கையில் வட்டமாகச் சுரண்டுங்கள். நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 நொடி ஆக வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் காப்பித்தூள் குழைத்துக் கையெல்லாம் பூசி, வழக்கம்போலக் கழுவிப் பாருங்கள். எங்கே கறுப்பாக ஒட்டியிருக்கிறதோ அதுதான் நீங்கள் விடும் இடம். எனக்கு நகக்கண்.

துடைப்பதில் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். சேலை முந்தானையிலும் லுங்கியிலும் துடைத்தால் கழுவியது வீண். ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும், அதனால் டிஷ்யூ காகிதத்தால் துடைத்து, அதாலேயே குழாயையும் மூடுங்கள்.

எப்போது கழுவுவது? நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், சாப்பாடு ஊட்டும் முன், கழிவறை போய் வந்ததும், யூரின் பையையோ வாந்திப் பாத்திரத்தையோ தொட்டதும். நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையும் மேசையையும் மட்டும் தொட்டிருந்தாலும் கழுவத்தான் வேண்டும். ஊசி குத்தி ஒட்டியிருக்கும் வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்றும் சின்னக் குழாயை, நீங்களாக நோண்டாதீர்கள். வீங்கினாலோ சிவந்தாலோ சிஸ்டரைக் கூப்பிடுங்கள். யூரின் பை தரையில் படக்கூடாது, நோயாளியின் இடுப்புக்கு மேலேயும் தூக்கக்கூடாது.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லையென்றால் சானிடைசர் போதும். கை முழுக்கப் படும் அளவுக்கு ஊற்றி, அதே மாதிரி 20 முதல் 30 நொடி, தானாகக் காயும் வரை தேயுங்கள். பாதியில் துடைக்காதீர்கள். ஆனால் நோயாளிக்கு வயிற்றுப்போக்கு என்றால் சோப்பும் தண்ணீரும்தான். சில கிருமிகள் ஓட்டுக்குள் வித்துப்போலப் பதுங்கியிருக்கும், ஆல்கஹாலுக்கு அவை சாகாது. கையுறை போட்டாலும் கழற்றியதும் கழுவ வேண்டும்.

கடைசியாக, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள். திராட்சைப் பையோடு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், பெரியவர்களிடம் போய் கை கழுவு என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவே இல்லை. வாசலிலேயே பாட்டிலோடு நின்று, "கையை நீட்டுங்க" என்று ஊற்றிவிட்டேன். பெரியப்பா மட்டும் மோந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இந்த வாசத்தோட வீட்டுக்குப் போனா உங்க பெரியம்மா நம்புவாளா?" என்றார்.