பழைய கேப்டனிடம் கேட்கும் முன்: கிளப் வரலாற்றுப் பேட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்கத்தாவின் பழம்பெரும் கால்பந்து கிளப்பான மோகன் பகானுக்கு எழுபதுகளில் ஆடிய யாரைப் பேட்டி எடுக்கப் போனாலும் முதல் கேள்வி பெலேயைப் பற்றித்தான் இருக்கிறது. 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸுக்கு எதிராக 2-2. அதற்கான பதில் பல பத்தாண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அவர் பழகிய சொற்களில் சொல்லி முடிப்பார், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள், புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது.

அதே பருவத்தில் மோகன் பகான் கொல்கத்தா லீக் பட்டத்தைப் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலிடம் பறிகொடுத்தது. பிறகு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை, டூரண்ட் கோப்பை மூன்றையும் வென்றது. லீக்கை இழந்த பிறகு உடைமாற்றும் அறையில் யார் பேசினார்கள்? யார் பேசாமல் இருந்தார்கள்? பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி மறுநாள் காலை என்ன செய்யச் சொன்னார்? ஸ்கோரைப் பத்திரிகை சொல்லிவிடும். இவற்றை அந்த அறையில் இருந்தவர்தான் சொல்ல முடியும். அவரிடம் போய் ஸ்கோரைக் கேட்பது இருவர் நேரத்தையும் வீணாக்குவது.

ஆகவே பத்திரிகை வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும். கொல்கத்தாவின் ஜுகாந்தர், அமிர்த பஜார் பத்ரிகா இரண்டின் பழைய இதழ்களும் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் உதவியால் மின்வடிவம் பெற்றிருக்கின்றன. அவர் கேப்டனாக இருந்த ஆண்டின் ஆட்டங்களைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு என்பது முக்கியம். கொல்கத்தா மைதானத்துப் பெரிய கிளப்புகளில் கேப்டன் பொறுப்பு அடிக்கடி கைமாறிய ஒன்று. சுனி கோஸ்வாமி 1960 முதல் 1964 வரை தொடர்ந்து மோகன் பகானுக்குத் தலைமை தாங்கியது போன்றவை விதிவிலக்கு. இது தெரியாமல், ஒரே ஒரு பருவம் கேப்டனாக இருந்தவரிடம் பத்தாண்டு கால முடிவுகளுக்கெல்லாம் விளக்கம் கேட்டால் அவர் திணறுவார். அல்லது மரியாதைக்காக ஏதாவது சொல்லி வைப்பார். இரண்டாவதுதான் ஆபத்து.

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் கருதுவது, அவர் கண்டதையும் கேட்டதையும் பிரிக்காமல் பதிவு செய்வது. எந்த மோகன் பகான் கேப்டனும் 1911 ஜூலை 29-ஐப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி, ஷீல்டை வென்ற முதல் இந்திய அணியான நாள். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது அது. ஆனாலும் சிவதாஸ் பாதுரி சமன் செய்த கோலையும் அபிலாஷ் கோஷ் அடித்த வெற்றிக் கோலையும் கோட்டருகே நின்று பார்த்தவர் போலச் சொல்வார். அந்தக் கதை அவருக்குள் அத்தனை ஆழமாக இறங்கியிருக்கிறது. "பதினொரு பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள்" என்றும் சொல்லலாம். ஆனால் அவர்களில் சுதிர் சாட்டர்ஜி பூட்ஸ் அணிந்து ஆடினார்.

இன்னொன்றும் வரும். வெற்றிக்குப் பின் யாரோ ஒருவர் கொல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். அடுத்த முறை நாம் ஷீல்டை வெல்லும்போது என்று பதில் வந்ததாம். மோகன் பகான் அடுத்து ஷீல்டை வென்றது 1947-இல். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கதையை நடந்த செய்தியாக எழுதக் கூடாது. அதற்காக வெட்டி எறியவும் கூடாது. "இதை முதலில் யார் சொல்லிக் கேட்டீர்கள் தாதா?" என்று கேளுங்கள் (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்). கூடாரம் என்று அழைக்கப்படும் கிளப் அலுவலகத்தில் மாலைநேரம் உட்கார்ந்திருந்த மூத்த உறுப்பினரா, வீட்டில் அப்பாவா, முதல் பயிற்சியாளரா? ஒரு கிளப் தன் பழங்கதையை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கடத்துகிறது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. அதுவே உண்மையான வரலாறு.

அவர் ஆண்டை மாற்றிச் சொன்னால் குறுக்கே பாய்ந்து திருத்தாதீர்கள். எழுபதைத் தாண்டிய ஒருவரை இரண்டு முறை திருத்தினால் மூன்றாவது பதில் ஒற்றை வரியாகிவிடும். பேசி முடிக்கட்டும். பிறகு அந்த நாளின் பத்திரிகைப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். 1975 செப்டம்பர் 30 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வென்ற செய்தியைப் படிக்கிற மோகன் பகான்காரருக்குத் தேதியோடு வேறு பலவும் நினைவுக்கு வரும்.

குழுப் புகைப்படமும் அப்படித்தான். நடுவில் கேடயத்தோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் பின்வரிசை ஓரத்திலிருந்து தொடங்குங்கள். வேட்டியோடு ஒதுங்கி நிற்பவர் பெரும்பாலும் கிளப்பின் மாலி, புல்லையும் வலையையும் பந்தையும் பராமரித்தவர். அவர் பெயரைக் கேப்டன் மறந்திருக்க மாட்டார். புகைப்படத்தின் நகல் ஒன்றில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டுக்கொண்டு போனால் ஒலிப்பதிவில் "இவர், அவர்" என்று குழம்ப வேண்டியிருக்காது. மூலப்படத்தில் எதையும் எழுத வேண்டாம்.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குவதும் தவறு. கொல்கத்தாவில் வீரர்கள் கிளப் மாறும் காலம் ஒரு திருவிழா. எதிரணி தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க வீரர்களை ரகசியமாகத் தங்கவைத்து, நேராகக் கையெழுத்துப் போட அழைத்துச் சென்ற காலம் அது. சுரஜித் சென்குப்தா, சுபாஷ் பௌமிக் போன்றவர்கள் இரு பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர்கள். "உங்கள் கிளப்பை விட்டு ஏன் போனீர்கள்?" என்று கேட்டால் குற்றம்சாட்டுவது போலாகும். "அந்த வாரம் எங்கே தங்கவைத்தார்கள்? யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். வங்கி வேலை, ரயில்வே வேலை பற்றியும் கேளுங்கள். பல குடும்பங்களைக் காப்பாற்றியது அதுதான்.

தெற்கிலிருந்து போனவர்களைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்காகத் தனியே கேட்க வேண்டும். ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்களான அகமது கான், சாலே, அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ் ஐவருமே தென்னிந்தியர்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் மோகன் பகானுக்கு ஆடியவர். வெளியூர்க்காரர் எங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார், ஆட்டத்தின் நடுவே எந்த மொழியில் கத்தினார் என்பதை இன்றும் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

1980 ஆகஸ்ட் 16 பற்றி எச்சரிக்கை தேவை. ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய அன்று ரசிகர்கள் 16 பேர் இறந்தார்கள். அந்த நாளில் கொல்கத்தா இன்றும் ரத்ததானம் செய்து அவர்களை நினைவுகூர்கிறது. அன்று களத்தில் இருந்தவரிடம் முதல் சந்திப்பிலேயே இதை எடுக்காதீர்கள். கேட்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மற்றவை சின்னச் சின்னவை. முதல் அமர்வைக் கிளப் கூடாரத்தில் வைக்காதீர்கள். ஆளாளுக்கு வந்து கதையை முடித்து வைப்பார்கள். வீட்டில், காலை நேரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ரிக்கார்டரை வைத்தால் பாதிப் பேச்சு காற்றோடு போகும். மனைவியோ மகளோ இடையில் பேசினால் நிறுத்தாதீர்கள், சம்பளம் வராத மாதங்கள் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். எழுதியதை அச்சுக்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கேப்டனோடு நின்றுவிடவும் வேண்டாம். அவர் சொன்ன பெயர்களில் உயிரோடு இருக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவரையும், எதிரணியில் அவரைத் தடுத்து ஆடிய தற்காப்பு வீரர் ஒருவரையும் அடுத்த மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். இருவருடைய முகவரியும் பெரும்பாலும் கேப்டனிடமே இருக்கும்.