நகரத்தில் டைம்லாப்ஸ்: பிறகு சரிசெய்ய முடியாத தவறுகள்

சாதாரணப் புகைப்படத்தில் தவறு உடனே திரையில் தெரிந்துவிடும், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். டைம்லாப்ஸில், அதாவது சில விநாடிக்கு ஒருமுறை எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடும் வீடியோவாக்குவதில், இரண்டு மணி நேரம் கால்கடுக்க நின்று எடுத்ததை வீட்டில் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் தவறுகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: மென்பொருளில் ஒப்பேற்றிவிடக்கூடியவை, எதுவுமே செய்ய முடியாதவை. நகரத்தில் படுத்துவது இரண்டாவது வகைதான்.

எல்லோரும் பயப்படும் மினுக்கல், அதாவது படத்துக்குப் படம் வெளிச்சம் மாறித் துடிப்பது, பெரும்பாலும் முதல் வகை. வெளிச்சம், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டால், ஒரு வெள்ளை பஸ் கடக்கும்போதெல்லாம் கேமரா படத்தை இருட்டாக்கும். மேனுவலுக்கு மாற்றினால் முக்கால்வாசி சரியாகும். அப்புறமும் லேசாகத் துடித்தால், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரைச் சந்தேகப்படுங்கள். பல லென்ஸ்களில் அது ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கிறது. துளையின் அளவை எஃப்/11 என்று வைத்தாலும் தடவைக்குத் தடவை இம்மியளவு மாறும். முழுவதும் திறந்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பகலில் வெளிச்சம் அதிகமானால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம்.

இரவில் விளக்குகளின் மினுக்கல் வேறு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை அரை விநாடி, ஒரு விநாடி என்று நீட்டினால் இது கரைந்துவிடும். வண்டி விளக்குகளும் அழகாகக் கோடிழுக்கும். ஆனால் எதிரே ஒரு விளம்பரத் திரை சிவப்பும் நீலமுமாக மாறி மாறிச் சுவர் முழுவதையும் நனைக்கிறதா? அதற்கு மருந்து கிடையாது. அந்தச் சுவர் ஃப்ரேமுக்குள் வராதபடி நிற்க வேண்டியதுதான்.

படத்துக்குப் படம் விடும் இடைவெளியில் செய்யும் தவறு இதைவிட மோசம். விநாடிக்கு 25 படம் என்று வைத்தால் 10 விநாடிக் காட்சிக்கு 250 படம் வேண்டும். போக்குவரத்துக்கு 1 அல்லது 2 விநாடி, மேகத்துக்கு 3 முதல் 5, நகரும் நிழலுக்கு 20, 30 விநாடி இடைவெளி பொருந்தும். சாலையை 10 விநாடிக்கு ஒருமுறை எடுத்தால் வண்டிகள் ஓடாது, திடீரென்று முளைத்து மறையும். சந்தேகம் வந்தால் குறைந்த இடைவெளியையே வையுங்கள். கூடுதல் படங்களைக் கழித்துவிடலாம். எடுக்காத படத்தை எங்கிருந்து கொண்டுவருவது? 2 விநாடி இடைவெளியில் ஷட்டரும் 2 விநாடி திறந்திருந்தால், படத்தைச் சேமிக்க நேரமில்லாமல் கேமரா நடுநடுவே படங்களை விட்டுவிடும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரத்தை இன்னொரு தடவை தின்னும்.

நிற்கும் இடம்தான் பாதி வேலை. நடைமேம்பாலம் பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஆட்கள் நடந்தாலே அதிரும். படத்துக்குப் படம் ஃப்ரேம் விலகினால் மென்பொருள் நேராக்கிவிடும். ஷட்டர் திறந்திருக்கும்போது அதிர்ந்து கலங்கிய படத்தை எதுவும் காப்பாற்றாது. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ட்ரைபாடில் வைத்த பிறகு கை நடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனையும் அணையுங்கள்.

தரைமட்டத்தில் நின்றால் முன்னால் ஒரு லாரி வந்து நிற்கும். நிச்சயம் நிற்கும். பஸ் நிறுத்தமும் வண்டி நிறுத்துமிடமும் இல்லாத பக்கமாகப் பாருங்கள், முடிந்தால் உயரத்துக்குப் போங்கள். மொட்டை மாடி என்றால் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள், "யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?" என்று காவலாளி வருவது எப்போதும் பாதியில்தான். கண்ணாடிக்குப் பின்னால் நின்றால், வெளியே இருட்ட இருட்ட அறை விளக்கு கண்ணாடியில் தெரியத் தொடங்கும். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டுகிறவர்கள் நல்ல பகுதியை விட்டுவிடுகிறார்கள். நகரம் விளக்கேற்றுவது அடுத்த அரை மணி நேரத்தில்தான். அதற்குள் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும் என்பதால், ஷட்டர் நேரத்தை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பேட்டரியும் தீரும். மாற்றப் போனால் ஃப்ரேம் நகர்ந்துவிடும். கேமரா அதை ஏற்குமென்றால் தொடக்கத்திலேயே பவர் பேங்கை இணைத்து, காற்றில் ஆடாதபடி வயரை ட்ரைபாட் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.