வங்காலையில் பறவை பார்க்க: வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள வங்காலைச் சரணாலயத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், காலையென்றால் கிழக்கே நின்று மேற்கே பார்க்கிற மாதிரியும் பின்னேரமென்றால் அதற்கு மறுபக்கமாகவும் நிற்குமிடத்தை முதல்நாளே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். வெட்டவெளி அது, வெயில் முகத்தில் அடித்தால் தண்ணீரின் பளபளப்பில் பூநாரைகூடக் கறுப்பாகத்தான் தெரியும், ஊசிவால் வாத்தை மற்ற வாத்துகளிலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது. காலை ஏற ஏறத் தரை சூடாகிக் கானல் ஆடத் தொடங்கும், அப்புறம் எவ்வளவு விலையான தொலைநோக்கியும் உதவாது, அதனால் விடியலிலேயே போய்விடுவது நல்லது. அதே மாவட்டத்திலுள்ள கட்டுக்கரைக்குளத்துக்கும் இதே கணக்குத்தான். மாரியில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் இது தேவையில்லை, எந்தப் பக்கம் நின்றாலும் சரி. வலசைப் பறவைகளுக்காகப் போவதென்றால் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள்.