உயிரியல் படிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டீர்களா? முதலில் ஒரு லேப் பிடியுங்கள்

மரபியலும் செல் உயிரியலும் எங்கே படித்தாலும் கிட்டத்தட்ட அதே பாடம்தான். தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு ஃபீஸ் கட்டிவிட்டு வகுப்புக்கும் விடுதிக்கும் மட்டும் நடந்துகொண்டிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் அந்தக் காசுக்கான சரக்கு ஆய்வகத்தில் இருக்கிறது.

முதலாண்டு முடிவதற்குள் பேராசிரியர்களுக்கு மெயில் போட ஆரம்பியுங்கள். "உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்" என்று பத்துப் பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, சுருக்கத்தைப் படித்ததும் நேராகப் படங்களுக்குப் போங்கள், ஒவ்வொரு படமும் எதை நிரூபிக்கப் பார்க்கிறது என்று யோசித்தாலே கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும். அந்தக் கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வர முடியும் என்ற விவரம், அவ்வளவு போதும். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் இன்னொரு முறை தட்டிப் பாருங்கள்.

சேருவதற்கு முன்னால் அங்கே பிஎச்டி பண்ணுபவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பெரிய பெயருள்ள லேபில் பேராசிரியரைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வமாக இருக்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர் பல நேரம் தானே பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடித்துச் சொல்லித் தருவார், என் ஓட்டு அவருக்குத்தான்.

உள்ளே போனதும் கன்ட்ரோல், அதாவது முடிவை நம்பலாமா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனை, கூடவே போடும் பழக்கம் வர வேண்டும். பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஓட்டும்போது டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் விட்ட டியூப் ஒன்றும் கூடவே ஓடட்டும். டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அந்த வரிசையிலும் நீங்கள் தேடும் அளவிலேயே பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம், மற்ற வரிசைகளையும் நம்ப முடியாது. (அடியில் மங்கலாக ஒன்று தெரிந்தால் பதறாதீர்கள், பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.) நோட்டில் பேனாவால் அன்றன்றைக்கே எழுதுங்கள், தப்பானால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள்.

அப்புறம், கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி: புள்ளியியல் இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது. ஒரே எலியின் ரத்தத்தை மூன்று முறை அளந்தால் அது மூன்று சாம்பிள் ஆகாது, ஒரே ஒரு சாம்பிள்தான். இது புரியாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் ஆண்டுக்குள் புள்ளியியல் பாடம் ஒன்றை முடித்துவிட்டு, ஆர் (R) அல்லது பைத்தான் என்ற நிரல்மொழியில் உங்கள் லேப் தரவையே போட்டுப் பழகுங்கள்.

விடுமுறையில் லேபில் வேலை செய்ய உதவித்தொகை உண்டா என்று துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள், கடைசித் தேதி பெரும்பாலும் விடுமுறைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும்.